குப்பைக் கிடங்கு, எரிஉலைப் புகை: காற்று மாசைக் கண்காணிப்பது எப்படி?

இராமேஸ்வரம் தீவிலும் இராமநாதபுரம் கடலோரத்திலும் வாழும் மக்களுக்காக இவ்விளக்கம் எழுதப்பட்டுள்ளது. குப்பைக் கிடங்கிலிருந்தும் குப்பையை எரிக்கும் உலைகளிலிருந்தும் எவ்வகை மாசுகள் காற்றில் கலக்கின்றன, அவை எவ்வாறு அளக்கப்படுகின்றன, வெளியிடப்படும் எண்களிலிருந்து எதை அறியலாம், எதை அறிய இயலாது என்பன இங்குக் கூறப்படுகின்றன. இளைப்பு நோய் உள்ளோர், கருவுற்ற மகளிர், கைக்குழந்தை உள்ள வீட்டினர் கடைசிப் பகுதியை முதலில் படித்துக்கொள்ளலாம்.

கடலோர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய பாட்டி அடிக்கடி இளைப்புடன் அழைத்து வருவார். நெபுலைசர் வைத்து, மருந்து எழுதி அனுப்புவேன். ஐந்தாவது முறை வந்தபோதுதான், "எந்தக் கிழமையில் இப்படி வருகிறது?" என்று கேட்கத் தோன்றியது. அவர் தயங்கவில்லை. "ஞாயித்துக்கிழமை ராத்திரி குப்பையைக் கொளுத்துவாங்க சார். திங்கக்கிழமை விடிஞ்சா நாங்க இங்க நிப்போம்" என்றார். வெளிநோயாளர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஐந்து வருகைகளில் நான்கு திங்கட்கிழமைகள். அக்கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவன் நான். கருவி எதுவும் இல்லாமலே அந்த மூதாட்டி காற்று மாசைக் கண்காணித்து வைத்திருந்தார். அதை எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

எரியும் குப்பையிலிருந்து வெளிவருபவை

குப்பைப் புகையில் கண்ணுக்குத் தெரியும் கரி ஒரு பகுதியே. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை செல்கின்றன. அவற்றுடன் கார்பன் மோனாக்சைடு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், ஹைட்ரஜன் குளோரைடு, பென்சீன், பல வளைய ஹைட்ரோகார்பன்கள், ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவையும் வெளிவரும். எது எவ்வளவு வரும் என்பது எரியும் பொருளைப் பொறுத்தது. நம் கரையோரக் குப்பையில் நைலான் வலைத் துண்டுகள் மிகுதி. நைலான் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு உண்டாகலாம். மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்பும் தெர்மாகோல் பெட்டி எரிந்தால் கரும்புகையும் ஸ்டைரீனும் வரும். பி.வி.சி. குழாயும் ரெக்சினும் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வந்து கண்ணையும் தொண்டையையும் அரிக்கும்.

டையாக்சின்கள், பியூரான்கள் என்னும் நச்சுச் சேர்மங்களைத் தனியே கூற வேண்டும். கரிமப் பொருளும் குளோரினும் ஒருங்கே இருந்து, எரிவு முழுமையாகாமல், வெப்பம் ஏறத்தாழ 200 முதல் 450 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும்போது இவை உருவாகின்றன. தெருவோரத்தில் புகைந்து எரியும் குப்பை பெரும்பாலும் இவ்வெப்பத்தில்தான் இருக்கிறது. இவற்றுள் கொடியதான டி.சி.டி.டி. என்னும் டையாக்சின், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையால் 1997-இல் வகைப்படுத்தப்பட்டது. உடலுக்குள் சென்ற டையாக்சின் கொழுப்பில் தங்கும். அதன் அளவு பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும்.

இங்குக் கடலோரத்துக்கே உரிய ஒரு செய்தி உண்டு. குளோரின், பி.வி.சி. பிளாஸ்டிக்கிலிருந்து மட்டும் வருவதில்லை. கடலுப்பும் சோடியம் குளோரைடே. கனடாவின் மேற்குக் கரையில், கடல்நீரில் மிதக்கவிட்டுக் கொண்டுவரப்பட்ட மரத்தின் பட்டையையும் கழிவையும் காகித ஆலைகள் கொதிகலன்களில் எரித்தபோது, உப்பேறிய அவ்விறகிலிருந்து டையாக்சின் மிகுதியாக வெளிவருவது கண்டறியப்பட்டு, அதற்கெனத் தனி வரையறையே வகுக்கப்பட்டது. அக்னி தீர்த்தத்தில் நீராடுவோர் கடலில் விட்டுச் செல்லும் துணிகள், கரை ஒதுங்கும் வலைகள், கயிறுகள், மரத்துண்டுகள் ஆகிய அனைத்தும் உப்பேறியவை. உலர்ந்த பின்னும் உப்பு அதிலேயே இருக்கும். "துணிதானே, பிளாஸ்டிக் இல்லையே" என்று கருதி அதற்குத் தீ வைப்பது தவறு. இக்காலத் துணிகளில் பெரும்பகுதி பாலியெஸ்டர் கலந்தவை என்பதையும் நினைவிற்கொள்க.

சிறு தீ என்று எண்ண வேண்டா. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள், பீப்பாயில் வீட்டுக் குப்பையை எரித்து அளந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, நாள்தோறும் இவ்வாறு எரிக்கும் 2 முதல் 40 வீடுகள் சேர்ந்து வெளியிடும் டையாக்சின், நாளொன்றுக்கு 180 டன்னுக்கு மேல் குப்பையை எரிக்கும், கட்டுப்பாட்டுச் சாதனங்கள் பொருத்திய ஒரு நகராட்சி எரிஉலை வெளியிடும் அளவுக்கு ஈடாகக்கூடும்.

தீ இல்லாத கிடங்கு

எரியாத கிடங்கும் காற்றை மாசுபடுத்துகிறது. மண்ணுக்கடியில் காற்றின்றி மட்கும் கழிவிலிருந்து மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் ஏறக்குறைய சரிபாதியாக வெளிவருகின்றன. உடன் அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு, சிறு அளவில் பென்சீன் போன்ற ஆவிகளும் இருக்கும். காற்றில் மீத்தேன் 5 விழுக்காடு முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் தீப்பொறி பட்டவுடன் வெடிக்கும். ஆகவே கிடங்கில் மீத்தேன் செறிவு இந்தக் கீழ் எல்லையில் நான்கில் ஒரு பங்கை, அதாவது 1.25 விழுக்காட்டை, மிஞ்சக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வரையறுத்தன. மூடப்பட்ட கிடங்கையும் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்றும் அவை கூறின. புல் முளைத்துவிட்டதால் கிடங்கு அடங்கிவிட்டது என்று பொருளல்ல.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடின் அடையாளம். கடல்நீரில் சல்பேட் மிகுதியாதலால், உவர்நீர் ஏறும் தாழ்நிலத்தில் குப்பை கொட்டப்பட்டால் இவ்வாயு கூடுதலாக உண்டாக வாய்ப்புண்டு. மிகக் குறைந்த அளவிலேயே இதனை மூக்கு உணர்ந்துவிடும். ஆனால் செறிவு மிகுந்து பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மோப்ப நரம்பு மரத்துப்போய் நாற்றம் தெரியாமற் போகும். மூடிய குழியிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறங்கும் தொழிலாளர்கள் "நாற்றம் நின்றுவிட்டது" என்று நம்பி உள்ளே செல்லக்கூடாது என்பது இதனாலேயே.

பெருங்குடி, வெள்ளலூர், பிரம்மபுரம்

சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியுள்ள பெருங்குடிக் கிடங்கில் 2022 ஏப்ரல் 27 அன்று பற்றிய தீ பல நாள் புகைந்தது. கோயம்புத்தூரின் வெள்ளலூர்க் கிடங்கில் 2024 ஏப்ரலிலும் இதுவே நேர்ந்தது. கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2 அன்று தொடங்கிய தீ ஏறத்தாழ 12 நாள் நீடித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. மக்கள் வீட்டுக்குள் இருக்கவும் என்95 முகக்கவசம் அணியவும் அறிவுறுத்தப்பட்டனர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

மூன்றும் கோடையை ஒட்டி நிகழ்ந்தவை. குப்பை மேட்டின் மேற்பரப்பு காய்ந்திருக்கும். அடியில் மீத்தேன் தேங்கியிருக்கும். ஆழத்தில் நொதித்தலால் வெப்பம் இருக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் ஆழத்திலுள்ள கனலை எளிதில் எட்டுவதில்லை. மேட்டைக் கிளறி, நனைத்து, மண் மூடி, காற்றுப் புகாமல் செய்தால்தான் அது அடங்கும். எனவே கிடங்கைக் கண்காணிப்பது தீப்பிடித்த பிறகு தொடங்கும் வேலையன்று. மேட்டின் வெப்பத்தை வெப்பப்படக் கருவியால் பார்ப்பது, வாயுப் போக்கிகளில் மீத்தேன் அளப்பது ஆகியவற்றை மாசி, பங்குனிக்கு முன்பே முறையாகச் செய்தாக வேண்டும்.

எரிஉலையின் புகைபோக்கியில் அளப்பது

இராமநாதபுரம் கடலோரத்தில் நீங்கள் அன்றாடம் காணக்கூடியவை பள்ளிகளிலும் விடுதிகளிலும் உள்ள சிறிய நாப்கின் எரிப்பான்களும், சில இடங்களில் தகரத்தால் செய்த குப்பை எரிப்பான்களுமே. இவற்றுள் பலவற்றில் புகை வடிகட்டியோ வெப்பமானியோ இருப்பதில்லை. வகுப்பறைச் சன்னலுக்கு அருகில் இதன் குழாய் நீட்டிக்கொண்டிருப்பதை நான் கண்டதுண்டு. இடத்தை மாற்றச் சொல்வதற்கு எந்த அளவீடும் தேவையில்லை.

மருத்துவக் கழிவு எரிஉலைகளுக்கு விதிகள் கடுமையானவை. 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி முதல் அறையில் குறைந்தது 800 டிகிரி, இரண்டாம் அறையில் 1050 டிகிரிக்கு 50 கூடியோ குறைந்தோ வெப்பம் இருக்க வேண்டும். வாயு இரண்டாம் அறையில் 2 விநாடியேனும் தங்க வேண்டும். புகைபோக்கி 30 மீட்டருக்குக் குறையக்கூடாது. வெளிவரும் வாயுவின் ஒரு கன மீட்டரில் துகள் 50 மில்லிகிராம், ஹைட்ரஜன் குளோரைடு 50 மில்லிகிராம், நைட்ரஜன் ஆக்சைடுகள் 400 மில்லிகிராம், பாதரசம் 0.05 மில்லிகிராம், டையாக்சினும் பியூரானும் சேர்த்து 0.1 நானோகிராம் நச்சுச் சமன் என்பன உச்ச வரம்புகள். 75 கிலோமீட்டர் தொலைவுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்குமானால் மருத்துவமனை தன் வளாகத்தில் எரிஉலை வைத்துக்கொள்ள இயலாது. மஞ்சள் பையில் போட வேண்டியதைப் பொதுக் குப்பையில் போடும் மருத்துவமனையும் ஆய்வகமும், எரிஉலையிலிருந்து வெளிவர வேண்டிய நஞ்சைத் தெருத் தீக்கு அனுப்புகின்றன.

பொது நிலையங்களின் புகைபோக்கியில் தொடர் உமிழ்வுக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்படுகிறது. அது அளக்கும் விவரம் இணையவழியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்குச் செல்லும். அவ்வெண்களைப் பார்க்கும்போது இரண்டு செய்திகளைக் கவனியுங்கள்.

முதலாவது, ஆக்சிஜன் திருத்தம். புகையோடு வெளிக்காற்றைக் கலந்துவிட்டால் ஒரு கன மீட்டரில் உள்ள மாசு குறைந்ததுபோல் தோன்றும். இதைத் தடுக்கவே அளவுகள் 11 விழுக்காடு ஆக்சிஜனுக்குத் திருத்திக் கூறப்பட வேண்டும். திருத்தும் முறை எளிது: 21-லிருந்து 11-ஐக் கழித்தால் 10, அந்தப் பத்தை, 21-லிருந்து அளக்கப்பட்ட ஆக்சிஜன் விழுக்காட்டைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, வந்ததை அளவோடு பெருக்குக. அறிக்கையில் துகள் 30 மில்லிகிராம் என்றும் ஆக்சிஜன் 16 விழுக்காடு என்றும் இருந்தால், 10-ஐ 5-ஆல் வகுக்க 2. ஆக உண்மையான அளவு 60 மில்லிகிராம். வரம்பு 50. பார்வைக்குத் தேறிய அறிக்கை, கணக்கில் தேறவில்லை.

இரண்டாவது, டையாக்சினைத் தொடர் கருவி அளப்பதில்லை. புகைபோக்கியில் குழாயைச் செருகி, பல மணி நேரம் வாயுவை உறிஞ்சி, வடிகட்டியிலும் பிசினிலும் பிடித்து, உயர்திறன் நிறைமாலைமானி உள்ள ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும். இத்தகைய ஆய்வகங்கள் நாட்டில் மிகச் சில. திருவனந்தபுரத்திலுள்ள தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் அவற்றுள் ஒன்று. செலவு மிகுதியாதலால் ஆண்டுக்கு ஒருமுறை அளப்பதே வழக்கம். அன்று உலை நன்றாக இயங்கும். தேர்வன்று மாணவன் தலைவாரி வருவது இயல்புதானே. ஆனால் டையாக்சின் மிகுதியாக வருவது உலையைப் பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும் பழுதாகும்போதும்தான். பெல்ஜியத்தில் ஓர் எரிஉலையில் இரண்டு வாரம் இடைவிடாது மாதிரி எடுத்து, அதனை வழக்கமான 6 மணி நேர மாதிரியோடு ஒப்பிட்டபோது, பின்னது உண்மை அளவை 30 முதல் 50 மடங்கு குறைத்துக் காட்டியதாக 1998-இல் தெரிவிக்கப்பட்டது. ஐரோப்பாவில் பல எரிஉலைகளில் நெடுநேர மாதிரிக் கருவி வந்ததற்கு இவ்வாய்வும் ஒரு காரணம். கொடுங்கையூரில் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிஉலைத் திட்டம் குறித்து 2025-இல் வடசென்னை மக்கள் எழுப்பிய கேள்விகளின் பின்னணியிலும், கண்காணிப்பைப் பற்றிய இந்த ஐயம் இருந்தது. எந்த ஊரில் எரிஉலை வருவதாயினும், "டையாக்சினை ஆண்டில் எத்தனை நாள் அளப்பீர்கள், பற்றவைக்கும் நேரமும் அதில் சேருமா?" என்று பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கேட்பது உங்கள் உரிமை.

தீவின் காற்றை அளப்பது

சுற்றுப்புறக் காற்றுக்கு 2009-இல் வகுக்கப்பட்ட தேசியத் தர அளவுகளின்படி 2.5 மைக்ரோமீட்டர் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமையும், ஆண்டுச் சராசரியில் 40-ஐயும் மிஞ்சக்கூடாது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அளவுகள் முறையே 15, 5. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை மருத்துவர் என்ற முறையில் நான் மறைக்க விரும்பவில்லை. "தர அளவுக்குள் இருக்கிறது" என்பதை "தீங்கு இல்லை" என்று படிக்காதீர்கள்.

24 மணி நேரச் சராசரியில் ஒரு சிக்கல் உண்டு. ஓரிடத்தில் 22 மணி நேரம் நுண்துகள் 20 மைக்ரோகிராமாகவும், குப்பை எரிந்த 2 மணி நேரம் 400 மைக்ரோகிராமாகவும் இருந்ததாகக் கொள்வோம். சராசரி ஏறத்தாழ 52. வரம்பு 60. அந்நாள் 'திருப்தி' என்றே பதிவாகும். அந்த 2 மணி நேரத்தில் மூச்சு முட்டிய குழந்தை சராசரிக் காற்றைச் சுவாசிக்கவில்லை. ஆகவே மணி வாரியான அளவைக் கேளுங்கள்.

அடுத்தது தொலைவு. தானியங்கிக் காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையம் இராமநாதபுரம் நகரில் சாலை பஜாரில் உள்ளது. அதன் விவரத்தை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காணலாம். கடலுக்கு மறுபுறம் உள்ள தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ எழும் புகையை அது அறியாது. செயலியில் பச்சை நிறம் தெரிவதைக் காட்டி உங்கள் தெருப் புகையை யாரும் மறுத்தால், நிலையம் எங்குள்ளது என்பதைச் சுட்டிக்காட்டுங்கள்.

தீவில் அளப்பதற்கு ஒரு வசதியும் ஓர் இடையூறும் உள்ளன. மாசின் மூலத்தைக் கண்டறிய, காற்று வரும் திசையில் ஒரு கருவியும் காற்று போகும் திசையில் ஒரு கருவியும் வைத்து இரண்டின் வேறுபாட்டைப் பார்ப்பது வழக்கம். பெருநகரில் காற்று வரும் திசையிலும் வேறு ஆலையோ நெடுஞ்சாலையோ இருந்து குழப்பும். இங்குக் கச்சான் வீசினாலும் வாடை வீசினாலும் காற்று கடல் கடந்தே கரையேறுகிறது. எனவே ஒப்பிடத்தக்க தூய காற்று அருகிலேயே கிடைக்கிறது. இடையூறு, உப்பு. கடற்காற்றில் வரும் உப்புத் துகள் 10 மைக்ரோமீட்டர் அளவைக் கூட்டிக் காட்டும். வடிகட்டித் தாளில் சோடியத்தையும் குளோரைடையும் அளந்து அதைக் கழித்துவிடலாம். பிளாஸ்டிக் எரிந்ததற்கு அடையாளமான ட்ரைஃபீனைல்பென்சீன் என்னும் சேர்மத்தைத் தேடினால், அடுப்பு விறகின் புகையிலிருந்து குப்பைப் புகையைப் பிரித்தறியவும் இயலும். இவ்விரு ஆய்வுகளையும் கேட்டால்தான் செய்வார்கள், ஆகவே கேளுங்கள்.

காற்று வலுவாக வீசும் மாதங்களில் புகை விரைவாகக் கலைந்துவிடும். காற்று ஓய்ந்த இரவுகளில், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலுள்ள வெப்பக் காற்றுக்கு அடியில் மூடிபோட்டதுபோல் தங்கும். அப்போது சிறு தீயின் புகையும் வீட்டுக் கூரை உயரத்தில் விடியும்வரை நிற்கும். இரவில் கொளுத்துவோர் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எண்ணுகிறார்கள். சுவாசிப்போருக்கு அதுவே மிகக் கெட்ட நேரம்.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கையடக்கக் கருவிகள் பற்றிப் பலர் வினவுகின்றனர். அவை துகளின் மேல் ஒளி சிதறுவதைக் கொண்டு கணக்கிடுகின்றன. ஈரப்பதம் மிகுந்தால் உப்புத் துகள் நீரை உறிஞ்சிப் பருத்து, கருவி மிகைப்படுத்திக் காட்டும். நம் கரையில் இது அநேகமாக நாள்தோறும் நேரும். அதனால் அவ்வெண்ணைத் தர அளவோடு நேராக ஒப்பிடக்கூடாது. புகை இல்லாத நாளின் அதே நேரத்து அளவோடு ஒப்பிட்டால் பயனுண்டு. எண் ஐந்து மடங்கு ஏறியிருந்தால் அதை ஈரப்பதத்தின் மேல் போட முடியாது.

நீங்கள் வைத்திருக்க வேண்டிய பதிவு

கடலூர் சிப்காட் பகுதி மக்கள் 2004-ஆம் ஆண்டு முதல் ஆலைகளின் நாற்றத்தை நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றோடு எழுதி வைத்ததும், எளிய வாளிக் கருவியால் காற்று மாதிரி பிடித்து ஆய்வுக்கு அனுப்பியதும் தமிழ்நாட்டில் முன்னோடியான முயற்சிகள். நீங்களும் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் தொடங்கலாம். நாள், புகை தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், எங்கிருந்து வந்தது, என்ன காற்று, புகையின் நிறம், என்ன எரிந்த வாடை, வீட்டில் யாருக்கு என்ன உபாதை, மருத்துவரிடம் சென்றீர்களா என்பன போதும். காற்றின் திசையை எழுதத் திசைகாட்டி வேண்டியதில்லை. கொண்டலா, சோழகமா, கச்சானா, வாடையா என்று கடலுக்குப் போகும் எவரும் சொல்லிவிடுவர். கைப்பேசியில் எடுக்கும் படத்தில் நேரமும் இடமும் பதிவாகுமாறு அமைத்துக்கொள்க. புகை இல்லாத நாட்களையும் எழுதுங்கள். அவை இல்லாமல் புகை நாட்களுக்குப் பொருளில்லை. பெரிய தீயாயின், அமெரிக்க விண்வெளி முகமையின் 'ஃபர்ம்ஸ்' இணையதளத்தில் செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளியை நாள் வாரியாக இலவசமாகக் காணலாம். தெருமுனைச் சிறு தீ அதில் தெரியாது.

இத்தகைய பதிவின் நகலுடன் நகராட்சி ஆணையர் அல்லது ஊராட்சி அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் ஆகிய இடங்களில் மனு அளிக்கலாம். முதலமைச்சரின் உதவி எண் 1100. திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை செய்து, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்க ஆணையிட்டது. இருப்பினும் தூய்மைப் பணியாளர் மீது குற்றஞ்சாட்டுவதற்கு முன் சற்று நிதானியுங்கள். பிரிக்காமல் கொடுத்த குப்பை, வராத வண்டி, நிறைந்த தொட்டி ஆகியவற்றின் முடிவில்தான் அவர் நிற்கிறார். எல்லாரிலும் அதிகமாக அப்புகையைச் சுவாசிப்பவரும் அவரே. கிடங்கில் பணிபுரிவோருக்கு ஆண்டுதோறும் நுரையீரல் செயல்திறன் பரிசோதனை செய்து, சென்ற ஆண்டின் அளவோடு ஒப்பிட வேண்டும். இதுவும் கண்காணிப்பில் சேர்ந்ததே.

புகை சூழும்போது உடல்நலம்

புகை வரும் திசையிலுள்ள சன்னல்களை மூடி, குழந்தைகளையும் முதியோரையும் எதிர்ப்புற அறைக்கு மாற்றுங்கள். அந்நேரம் கொசுவர்த்தி, சாம்பிராணி ஏற்ற வேண்டா. நனைத்த துண்டு கண்ணெரிச்சலைத் தணிக்கலாம்; நுண்துகளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் முகத்தோடு பொருந்தியிருந்தால் துகளைத் தடுக்கும். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களைத் தடுக்காது. தலைவலி, வாந்தி, தலைச்சுற்றல், மயக்கம் ஆகியன கார்பன் மோனாக்சைடு நச்சின் அறிகுறிகள். அப்போது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தை ஆக்சிஜன் ஏறிய இரத்தமாகவே அக்கருவி கருதும். வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் புகை நாட்களில் கையிலேயே வைத்திருக்க வேண்டும். மருத்துவர் நாள்தோறும் எடுக்கச் சொன்ன மருந்தைப் புகை இல்லாத நாளில் நிறுத்தக்கூடாது. நெஞ்சுவலி, பேச முடியாத அளவு இளைப்பு, குழந்தைக்கு விலாவெலும்பிடை உள்ளிழுத்தல், உதடு நீலமாதல் ஆகியவை தெரிந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்க. ஐயம் கேட்க 104 மருத்துவ உதவி எண் உள்ளது.

குப்பை எரியும் இடத்தருகே கருவாடு காயவைப்பதையும், அங்கு மேயும் கோழியின் முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதையும் தவிருங்கள். மண்ணில் படிந்த டையாக்சின் முட்டைக் கருவில் சேர்வதால், பல நாடுகளில் ஆய்வாளர்கள் கோழி முட்டையையே கண்காணிப்பு மாதிரியாக எடுக்கின்றனர். தாய்ப்பாலிலும் டையாக்சின் காணப்படுவதாகப் படித்து அஞ்சிய தாய்மார் சிலர் பால் கொடுப்பதை நிறுத்தலாமா என்று என்னிடம் கேட்டதுண்டு. நிறுத்தக்கூடாது. தாய்ப்பாலால் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மை அந்த இடரைவிடப் பெரிது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் இதுவே.

மருத்துவரிடம் செல்லும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். புகை நாட்களையும் இளைப்பு வந்த நாட்களையும் மருத்துவர் தம் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுமாறு கேளுங்கள். மனுவோடு இணைக்க வெளிநோயாளர் சீட்டின் நகல்களையும் பத்திரப்படுத்துங்கள்.